கதவைச் சாத்திக் காச்சுன கஞ்சி

கஞ்சி காச்சுற அன்னைக்கு அம்மா கதவைச் சாத்திக்கும்.

எங்களுது தொகுப்பு வீடு. ஒரே அறை. பின்பக்க மூலையில அடுப்பு. எரிக்கிறது ஈரம் காயாத கருவேல முள்ளு. கதவைச் சாத்தினால் புகை எங்கே போகும்? நானும் தம்பியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துக் கிடப்போம். புகை மேலதான் நிக்கும். கீழ படுத்தா மூச்சு வாங்கலாம். "கதவத் தொறம்மா, கண்ணு எரியுது" என்றால், "காத்தடிச்சா அடுப்பு அணைஞ்சிடும், சும்மா கெட" என்று அதட்டும். சோறு பொங்குற அன்னைக்குக் காத்தே அடிக்காதா என்று கேட்க அப்போ எனக்குத் தெரியவில்லை. சோறு பொங்குகிற நாளில் எங்க வீட்டுக் கதவு மல்லாக்கத் திறந்து கிடக்கும். அம்மா வாசல்ல உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைக்கும். போறவங்க வர்றவங்ககிட்ட பேச்சு வேற.

காட்டுமன்னார்கோயில் பக்கம் எங்க ஊரு. வீராணம் ஏரிப் பாசனம். எங்க ஊரைச் சுத்தி நெல்லுதான். நாத்து விட்டு, நட்டு, களை பறிச்சு, அறுத்து, கட்டுத் தூக்கி, அடிச்சு, தூத்தி, மூட்டை கட்டுற ஜனங்க வீட்டுல நொய்யிக் கஞ்சி. உழைப்பவன் ஒருத்தன், தின்பவன் ஒருத்தன் என்று நாமே மேடையில் பேசிப் பேசித் தேய்ந்துபோன விசயம் இது. ஆனால் நெல்லு எப்படி நொய்யாகிறது என்று மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆயா சொல்லும்.

களத்தில் நெல்லைத் தூத்தும்போது கனத்த மணி பக்கத்துலயே விழும். கருக்கா காத்துல தள்ளிப் போய் விழும். மணி நெல்லு ஆண்டை மூட்டைக்கு. கூலி அளக்குறது ஓரத்துக் குவியல்ல. அந்த நெல்லை உரல்ல போட்டுக் குத்தினா பாதி உடையும். புடைச்சு, நேம்பி, கொழிச்சு எடுத்தா முழு அரிசி ஒரு பக்கம், நொய்யி ஒரு பக்கம், தவிடு ஒரு பக்கம். சரி, முழு அரிசியையாவது பொங்கித் தின்னார்களா? இல்லை. மண்ணெண்ணெய், மிளகாய், பிள்ளைக்குத் துணி எல்லாத்துக்கும் அதுதான் காசு. முழு அரிசியைக் கடைக்கு அளந்து கொடுத்துவிட்டு, யாரும் வாங்காத நொய்யை வீட்டில் வைத்துக்கொள்வார்கள். அம்மா காலத்துல உரல் போய் மில்லு வந்தது. அவிச்ச நெல்லைக் களத்துல காய வைச்சு கிளறி விடுற வேலைக்கு அம்மா போகும். சாயங்காலம் கூலியோட முந்தானையில நொய் முடிஞ்சுகிட்டு வரும். கோழிக்குப் போடுற நொய்தான். எங்க வீட்டுல கோழி இல்லை.

கஞ்சி என்றால் எந்தக் கஞ்சி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சோறு வடிக்கிற வீட்டில்தான் வடிகஞ்சி இருக்கும். ஆண்டை வீட்டு வடிகஞ்சி கழுநீரோட மாட்டுத் தொட்டிக்குப் போகும். மிச்சம் வெள்ளைச் சட்டைக்குப் போகும். அந்தக் கஞ்சி போட்ட சட்டைகள் எங்க தெருவுக்குள்ள அஞ்சு வருசத்துக்கு ஒருமுறை மடிப்புக் கலையாமல் வந்து கும்பிட்டுப் போகும். அது வேற கதை. நான் சொல்றது வடிக்காத கஞ்சி. வடிக்கிறதுக்கு ஒன்னும் இல்லாததால் காய்ச்சுகிற கஞ்சி.

சமையல் குறிப்பு எழுதுவது நம்ம பத்திரிகைக்கு வழக்கமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். இதைப் படிக்கிற மாணவத் தோழர்களில் பாதிப்பேருக்கு, முக்கியமாக ஆண்களுக்கு, கஞ்சி காய்ச்சத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

நொய்யில் மண்ணு அதிகம். முழு அரிசியில் கல் கிடந்தால் கண்ணால் பார்த்துப் பொறுக்கலாம். நொய்யும் குறுமணலும் ஒரே அளவு, பொறுக்க முடியாது. அரிச்சுத்தான் எடுக்கணும். ரெண்டு சட்டி வேணும். ஒன்னுல நொய்யும் தண்ணியும். சாய்ச்சு ஆட்டி ஆட்டி இன்னொன்னுல ஊத்திக்கிட்டே வரணும். நொய் தண்ணியோட போகும், மண்ணு அடியில நிக்கும். கை பழகினவங்க மூணு தடவையில முடிச்சிருவாங்க. எனக்கு இன்னமும் அஞ்சாறு தடவை ஆகும். அப்பவும் பல்லுல ஒன்னு நறுக்குன்னு கடிபடும்.

எங்க வீட்டுல அஞ்சு பேர். 2 ஆழாக்கு நொய்க்கு 20 ஆழாக்குத் தண்ணி, அதாவது ரெண்டரைப் படி. தண்ணி நல்லா கொதிச்ச பிறகு நொய்யைப் போடணும். பச்சைத் தண்ணியிலேயே போட்டா அடியில போய் ஒட்டிக்கும். போட்ட உடனே அகப்பையை விட்டுத் துழாவிக்கிட்டே இருக்கணும். கையை எடுத்தா கட்டி தட்டிரும். பொங்கி வரும்போது தீயை இழுத்து விட்டுரணும். உப்பு கடைசியில. பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டா அது காய்ச்சல்காரங்க கஞ்சி. பயறு போட்டா மாசமா இருக்கிறவங்க கஞ்சி. ஒன்னுமில்லாதது எங்க கஞ்சி. ஆனால் தொட்டுக்கொள்ள இருக்குமே, அதைச் சொல்லணும். சென்னாக்குன்னியை வெறும் சட்டியில் வறுத்து, ரெண்டு மிளகாயை நெருப்பில் சுட்டு, சின்ன வெங்காயம் சேர்த்து, அம்மியில் நச்சி எடுத்த தொவையல். அந்தத் தொவையலுக்காகவே இன்னும் ரெண்டு அகப்பை கஞ்சி கேட்போம். எங்க பசியைப் பற்றி எழுதுகிறவர்கள் எங்க ருசியைப் பற்றி எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

காய்ச்சுவதைவிட ஊத்துவதில்தான் விசயம் இருக்கிறது. இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் நின்றால் தெளிவு மேல, கெட்டி கீழ. அம்மா முதலில் அப்பாவுக்கு ஊத்தும். அகப்பையை அடி வரைக்கும் விட்டு, கலக்காமல் அப்படியே தூக்கும். அடுத்தது தம்பிக்கு, அதே மாதிரி. அப்புறம் ஆயாவுக்கு. "எனக்குப் பல்லு இல்ல, தண்ணியா ஊத்து" என்று ஆயாவே சொல்லிவிடும். அப்புறம் நான். கடைசியில் அம்மா சட்டியை வழிச்சு, அதுல ஒரு சொம்புத் தண்ணியை ஊத்திக் கலக்கிக் குடிக்கும். களத்துல கூலி அளக்கும்போது மரக்கால் எப்படிச் சாயுதுன்னு பார்த்து வயிறெரியிற ஜனம்தான் நாங்க. வீட்டுக்குள்ள அகப்பை எப்படிச் சாயுதுன்னு பார்க்கலை. இதை எழுதினால், வீட்டு விசயத்தை ஏன் வெளியே சொல்கிறாய், அவனுக்கு வாய்க்கு வாய் கிடைத்துவிடும் என்று தோழர்கள் சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒருநாள் அகப்பையைப் பிடுங்கி அடியோடு கலக்கிவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் அடித்தது. அப்புறம் கொஞ்ச நாள் எல்லோருக்கும் கலக்கித்தான் ஊத்துச்சு. கொஞ்ச நாள்தான்.

கஞ்சி என்பது பெரும்பாலும் தண்ணிதான். அரிசி இருந்து தண்ணி இல்லாவிட்டால் என்ன செய்வது? அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோது, 1901-ல், அப்பாவைப் பார்க்க கோரேகானுக்கு மாட்டு வண்டியில் போன பயணத்தைப் பின்னால் எழுதியிருக்கிறார். கூடையில் சாப்பாடு இருந்தது. தீண்டத்தகாத பிள்ளைகளுக்குத் தண்ணி கொடுக்கத்தான் ஆள் இல்லை. சாப்பாட்டை வைத்துக்கொண்டே பட்டினியாகப் படுத்தார்கள். எங்க காலனியில் நான் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் ஒரே ஒரு கைப்பம்பு. அது ரிப்பேர் ஆனால் ஊர்த்தெருக் குழாயில் கடைசி ஆளாக நின்று, அவங்க குடமெல்லாம் நிறைஞ்ச பிறகு பிடிக்கணும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சட்டென்று உலைதான் ஞாபகம் வந்தது. எத்தனை வீட்டில் அந்தத் தண்ணியில் உலை வைத்திருப்பார்கள்.

தாத்தா படியாள். பகல் கஞ்சி ஆண்டை வீட்டிலிருந்து. கொல்லைப்புறம் போய் நிற்கணும். பனையோலைப் பட்டையை ரெண்டு கையிலும் ஏந்திக்கொள்ளணும். மேலேயிருந்து ஊத்துவாங்க. பட்டை ஒழுகும். ஒழுகுறதுக்குள்ள குடிச்சிரணும். சூடா இருந்தாலும் குடிச்சிரணும். "அதனாலதான்டி ஒங்க தாத்தனுக்கு ருசியே தெரியாது, நாக்கு வெந்துபோச்சு" என்று சொல்லி ஆயா சிரிக்கும். நான் பிறந்த 1992-ல் வந்தது பாமாவின் 'கருக்கு'. கல்லூரியில் படிக்கும்போது அதை வாங்கி வந்து, வேலை செய்கிற வீட்டில் பாட்டிக்கு மிச்சம் மீதி போடுகிற இடத்தை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம கதைய அந்தம்மாகிட்ட யாருடி சொன்னா?" என்று கேட்டது.

2013-ல் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். சிறுபாணாற்றுப்படை பாடம். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பார்த்துப் பரிசில் வாங்கி வருகிற பாணன், அதற்கு முன்னால் தன் வீடு எப்படிக் கிடந்தது என்று சொல்லுகிற இடம். இடிந்து போன அடுக்களை. கண் திறக்காத குட்டிகளுக்குப் பால் இல்லாத நாய். கிணை அடிக்கிற குடும்பத்துப் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் அவித்து, புறம் பேசுகிறவர்கள் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டு வாசலை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு தின்கிறாள். கிணை என்பது ஒருவகைப் பறை. பாடம் நடத்தியவர் அதை அழுத்திச் சொல்லவில்லை. "வறுமையிலும் மானம் காத்த தமிழர் பண்பாடு, என்ன நயம் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டார். வகுப்பில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். எனக்குக் கருவேல முள்ளின் புகை நெடி வந்தது. அந்தப் பெண்ணின் கதவையும் எங்க அம்மாவின் கதவையும் ஒன்றாக்கி, நமது நாணம் ஈராயிரம் வருசத்து நாணம் என்று ஒரு கட்டுரைகூட மனசுக்குள் எழுதிவிட்டேன்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் பாட்டின் பொருளைச் சொன்னேன். அம்மா அஞ்சாவது வரை படிச்சது. முழுசாகக் கேட்டுக்கொண்டு, "அந்தம்மா வீட்டுக்கு நடவுக்கு ஆள் கூப்புட யாராச்சும் வந்தாங்களா?" என்றது.

"இல்லம்மா. பாட்டுல அப்படி ஒன்னும் இல்ல."

"அப்புறம் எதுக்குக் கதவச் சாத்துனா? பாவம். வெக்கப்பட்டுக்கிட்டு."

"நீ எதுக்குச் சாத்துவே? காத்தடிக்குதுன்னா?"

அப்போதுதான் சொன்னது. நான் கைப்பிள்ளை. நடவு சமயம். ஆண்டை வீட்டு ஆள் பொழுது சாய மறுநாளைக்கு ஆள் சொல்ல வந்திருக்கிறான். வாசலில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறான். அடுப்பில் நொய்யிக் கஞ்சி. ஒன்றும் பேசாமல் போய்விட்டான். மறுநாள் கூலியில் 2 ரூபா குறைச்சல். அம்மா கேட்டதுக்கு, "கஞ்சி காச்சுறவளுக்கு என்னடி இவ்வளவு பேச்சு? இதுவும் இல்லன்னா நாளைக்கு எங்க போவே?" என்றானாம். அன்னையிலேருந்து சாத்துது. "நம்ம சட்டியில என்ன வேகுதுன்னு கூலி குடுக்குறவனுக்குத் தெரியக் கூடாதுடி. தெரிஞ்சா வெலை வெச்சிருவான்."

நான் எழுத நினைத்த கட்டுரையை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

1998 நடவில் எங்க காலனிப் பெண்கள் கூலி கேட்டு நின்றது எனக்கு லேசாக ஞாபகம் இருக்கிறது. ஆறு வயசு. 20 ரூபாயை 25 ரூபாயாக்கினால்தான் வயலில் இறங்குவோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கூலி கேட்டால் என்ன நடக்கும் என்று எங்க ஜனத்துக்குத் தெரியாததில்லை. அரைப்படி நெல்லு கூடக் கேட்டுச் சங்கமாக நின்ற கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதில் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பேரைச் சொல்லித்தான் மிரட்டுவார்கள். அப்படியும் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள். மூணாம் நாளே தெரு முழுக்கக் கஞ்சி. கடைசி நாட்களில் கஞ்சியும் இல்லாத வீடுகள் இருந்தன. ஆனால் ஊர்த்தெருவிலிருந்து பார்க்கிறவனுக்கு அது தெரியக் கூடாது. நொய் கால் மணி நேரத்துல வெந்துரும், சோறாக்குறதுன்னா நேரமாகும் இல்லையா? அதனால கஞ்சியை இறக்கிட்டு வெறும் தண்ணியை ஏத்தி வெச்சு எரிப்பாங்களாம், சோத்து நேரத்துக்குப் புகை வரணும்னு.

இன்னொன்று செய்தார்கள். ஒரு வீட்டில் குலசாமிக்குப் பொங்க எடுத்து வைத்திருந்த முழு அரிசி ஒரு படி இருந்தது. அந்த ஒரு படி அரிசி தெரு முழுக்கச் சுத்தி வந்தது. காலையில் ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் அதை முறத்தில் கொட்டிப் புடைக்கும். மத்தியானம் நாலு வீடு தள்ளி இன்னொருத்தி. சாயங்காலம் எங்க அம்மா. புடைச்ச அரிசியையே புடைச்சு, இல்லாத கல்லைப் பொறுக்கி, ஊர்த்தெரு ஆள் சைக்கிளில் போகும்போது சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு. பத்தாம் நாள் 23 ரூபாய்க்குப் படிந்தது. 25 வரவில்லை. இதை வெற்றி என்று எழுதுவதா தோல்வி என்று எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு படி அரிசியைக் கடைசியில் யாரு சோறாக்கினார்கள் என்று கேட்டேன். அம்மாவுக்கு ஞாபகமில்லை.

2008 செப்டம்பரில் ரேசன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி. பழுப்பேறிய அரிசி, ஒரு மாதிரி வாடை அடிக்கும். எங்க வீட்டுக் கதவு திறந்தது அந்த அரிசியில்தான். அப்போது டீக்கடையிலும் பஸ்சிலும் ஊர்க்காரர்கள் புலம்பியதைக் கேட்டிருப்பீர்கள். இலவச அரிசியைப் போட்டுச் சோம்பேறி ஆக்கிட்டான், வேலைக்கு ஆளே கெடைக்கல, கூப்பிட்டா கூலி பேசுறாளுங்க என்று. அந்தப் புலம்பலை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். பானையில் சோறு இருந்தால் கூலி பேசத்தான் செய்வார்கள். படித்தவர்களும் அதே புலம்பலைப் பொருளாதாரமாக எழுதுவார்கள். அவர்களே இப்போது சென்னையில் ஓட்டலுக்குப் போய் மண்சட்டியில் பழைய சோறும் மோர்மிளகாயும் காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு, நமது முன்னோர் உணவு என்கிறார்கள். யாரோட முன்னோர்?

இனி என் கதவைச் சொல்ல வேண்டும்.

வேலை நிமித்தமாகக் கடலூரில் வாடகை வீடு. வீடு தேடும்போது ஊர் பேரைக் கேட்டார்கள், சொன்னேன். தெருப் பேரைக் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் என்றேன். தலித் மேடைகளில் மைக் பிடித்துப் பேசுகிறவள்தான். அன்றைக்கு அப்படித்தான் சொன்னேன். மாடியில் நான், கீழே வீட்டுக்காரர்கள். அம்மா உடம்பு சரியில்லாமல் வந்து தங்கியிருந்தது. நாலாம் நாள், "வாய்க்கு ஒன்னும் புடிக்கல, கொஞ்சம் கஞ்சி காச்சேன்" என்றது. பையிலிருந்து ஒரு பொட்டலம் சென்னாக்குன்னியும் வெளியே வந்தது.

நொய் கடையில் கிடைக்கவில்லை. அரிசியை மிக்சியில் ஒரு சுத்து விட்டு எடுத்தேன். உலை கொதித்தது. இன்னொரு அடுப்பில் சட்டியை வைத்துச் சென்னாக்குன்னியைப் போடுவதற்கு முன்னால் போய்ச் சன்னலைச் சாத்தினேன். அப்புறம் வாசல் கதவை.

"ஏன்டி சாத்துற? கேஸ் அடுப்புதானே, பொகையா வருது?"

"காத்தடிச்சா அடுப்பு அணைஞ்சிடும்மா."

வாயில் வந்துவிட்டது. அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தது. திட்டும் என்று நினைத்தேன்.

"வூட்டுக்காரங்களுக்கு நாம யாருன்னு தெரியாதா?"

"தெரியாது."

"தெரிஞ்சா?"

"காலி பண்ணச் சொல்லுவாங்க. நேரா சொல்ல மாட்டாங்க. பெயிண்ட் அடிக்கணும்பாங்க."

"அப்பன்னா சாத்து. மாசக் கடைசியில போயி எங்க வீடு தேடுவே. வேற வீடு பாத்துக்கிட்டு தொற."

அகப்பையை என் கையிலிருந்து வாங்கி அடியோடு கலக்கி ரெண்டு தட்டிலும் ஊத்தியது. வீடு முழுக்கச் சென்னாக்குன்னி வாடை. வேர்த்து ஊத்த ஊத்த உட்கார்ந்து குடித்தோம்.

வேறு வீடு கிடைக்க நாலு மாசம் ஆனது. இந்தத் தடவை தெருப் பேரைச் சொல்லித்தான் கேட்டேன். ஏழு வீட்டில் இல்லை என்றார்கள். எட்டாவது வீடு நம்ம ஆட்களே கட்டினது, அங்கேதான் இப்போது இருக்கிறேன். சமையலறைச் சன்னல் பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்த மாதிரி இருக்கிறது. போன மாதம் அம்மா வந்தபோது மறுபடி கஞ்சி காய்ச்சினேன். அம்மா ஒரு கிண்ணத்தில் தொவையலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு, வெறுங்கிண்ணத்தோடு திரும்பி வந்தது.

"என்னம்மா சொன்னாங்க?"

"உப்புக் கூடவாம்."